கதை என்னுது, கைதட்டு படத்துக்கு

சீரியல் ரசிகர் குரூப்பில் கதை எழுதுவது கல்யாண வீட்டில் சமையல் பார்ப்பது மாதிரி: ருசியாக இருந்தால் பந்தி பேசாமல் எழுந்து போய்விடும், உப்புக் கூடினால் மட்டும்தான் சமைத்தது யார் என்று தேடி வருவார்கள். என்னைப் போலக் கட்டைவிரல் வலிக்க போனில் தட்டித் தட்டிக் கதை போட்டு, யாராவது படித்தார்களா என்று எடுத்து எடுத்துப் பார்த்து ரத்தக்கொதிப்பை ஏற்றிக்கொள்ளும் சகோதரிகளே, இது உங்களுக்குத்தான்.

விவரம் தெரியாதவர்களுக்கு: ஏழரை மணிக்கு ஒரு சீரியல். அதில் சேரன், வேனில் என்று ஒரு ஜோடி. சேரனாக நடித்த பையன் பாதியில் விலகிவிட்டதால், அவன் பஸ்ஸோடு ஆற்றில் போய்விட்டான் என்று காட்டி முடித்துவிட்டார்கள். எங்களால் பொறுக்க முடியவில்லை. ‘சேரவேனில்’ என்று ஒரு குரூப் தொடங்கினார்கள். எழுத வருகிறவர்கள் மிச்சக் கதையை எழுதுகிறோம், வரைய வருகிறவர்கள் படம் போடுகிறார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கிறேன். வளையலுக்கும் ஹேர்பின்னுக்கும் ஆள் வராத நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுவேன். பெயர் பாண்டியம்மாள், குரூப்பில் பாண்டிமா.

ஒரே சாயங்காலம்

வேனில் தன் மாமியாரிடம் முதல்முறையாக எதிர்த்துப் பேசும் பகுதியை ஒரு வாரமாக எழுதினேன். ஒரு சாயங்காலம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு குரூப்பில் போட்டேன். போட்ட கொஞ்ச நேரத்தில் ஷபானா ஒரு படம் போட்டாள். காஜிமார் தெருப் பெண், கல்யாணப் பெண்களுக்கு மருதாணி வைப்பது தொழில், விரல் அவ்வளவு சுத்தம். படம் என்று பார்த்தால் வேனிலின் பாதி முகம், ஒரு கண். அவ்வளவுதான்.

அந்த ஒரு கண்ணுக்கு விழுந்த இதயங்களையும் தீப்பிழம்புகளையும் பார்த்து எனக்கே கண் கூசியது. ‘அந்தக் கையைக் கண்ணுல ஒத்திக்கணும்’ என்று ஒருத்தி எழுதியிருந்தாள். என் கதைக்குக் கீழே ஒன்றுமில்லை. நெட் போய்விட்டதோ என்று போனை அணைத்துப் போட்டேன். கதையில் யாரையாவது புண்படுத்திவிட்டேனோ என்று முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். கடைசியில் ஒரு பெண் பதில் போட்டாள். ஆசையாகத் திறந்தேன்.

“அக்கா, ரொம்ப நீளமா இருக்கு. என்ன நடந்துச்சுன்னு வாய்ஸ்ல சொல்லிருங்களேன்.”

எங்கள் வீட்டுக் கடிகாரம்

என் வீட்டுக்காரர் பரவை மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவர் வாட்சு எப்போதும் பத்து நிமிஷம் கூடுதலாக ஓடும். ‘மார்க்கெட்டு நமக்காக நிக்காது’ என்று அவரே திருகி வைத்திருக்கிறார். அதைச் சேரனுக்குக் கொடுத்தேன். சேரன் போன பிறகு, அன்று அவன் வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்த அந்தப் பெரிய வாட்சை வேனில் முழங்கை வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, மழையில் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள். பின்னால் டீக்கடைச் சுவரில் ஒரு கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறது. அவள் கையில் பத்து நிமிஷம் கூடுதல். அவள் அதைச் சரிசெய்யவே மாட்டாள். ஏனென்றால் அது அவன் கையால் வைத்த நேரம்.

“அக்கா, இதை நான் வரையட்டுமா?” என்று ஷபானா கேட்டாள். கேட்டது பெரிய விஷயம் என்று எனக்கு ஒரே பூரிப்பு. இரண்டு கடிகாரத்தையும் முள் பிசகாமல் வரைந்தாள். படத்தின் மூலையில் தன் பெயரைப் போட்டாள், மேலே குறிப்பில் ‘கதை: பாண்டிமா அக்கா’ என்றும் எழுதினாள். அவள்மேல் குறையே சொல்ல முடியாது. ஆனால் பாருங்கள், படத்தை எடுத்து அனுப்புகிறவர்கள் குறிப்பையும் சேர்த்தா அனுப்புவார்கள்? படத்துக்குள் இருந்த பெயர் ஊர் ஊராகப் போனது, வெளியே இருந்த பெயர் வாசலிலேயே நின்றுவிட்டது. ரெண்டாம் நாள் என் வீட்டுக்காரர் மார்க்கெட்டிலிருந்து வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினார். நான் கதை எழுதுவது அவருக்குத் தெரியும், ஒரு வரி படித்ததில்லை.

“ஏய் பாண்டி, இங்க பாரு, யாரோ ஒரு புள்ள நம்ம வாட்ச அப்படியே வரைஞ்சு வச்சிருக்கு! அதுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?”

ரிப்பன் வாங்க வந்தவள்

மகளின் பள்ளிக்கூட ரிப்பனுக்கு வந்த ஒரு பெண், சில்லறைக்குக் காத்திருக்கும்போது போனைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள். என்னம்மா என்று பதறிப்போய்க் கேட்டேன்.

“ஒண்ணுமில்லக்கா, ஒரு கதை. கேளுங்களேன்” என்று வாசிக்கத் தொடங்கினாள். டீக்கடை, மழை, வாட்சு. என் வரிதான்! எனக்குக் காது சூடாகிவிட்டது. முடியட்டும், முடிவில் பெயர் வரும் என்று ரிப்பனைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றேன். பெயர் வரவில்லை. யாரோ வெட்டிவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள். நான் எழுதியது என்று சொல்ல வாயெடுத்தேன். நம்பாமல் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், “எழுதுனது யாருன்னு போடலையா?” என்று மட்டும் கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

“படம்னாக்கூட ஒரு ஆளு உக்காந்து வரையணும். கதைக்கு என்னக்கா, அது தானா வர்றதுதான?”

என்மேல் வந்த பிராது

இந்தச் சமயத்தில்தான் அந்தச் செய்தி வந்தது: வேனிலாக நடிக்கும் நடிகை மதுரை வருகிறார், தல்லாகுளத்தில் ஒரு சின்ன ஹாலில் எங்கள் குரூப்பைச் சந்திக்கிறார், ஷபானாவின் வாட்சுப் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அவர் கையில் கொடுக்கப் போகிறோம். எனக்கு ஒரே ஒரு ஆசை. படத்துக்கு அடியில் ‘கதை: பாண்டிமா’ என்று ஒரு வரி. வேனிலாக நடிக்கிறவருக்கு மட்டுமாவது தெரிந்தால் போதும். அதை அட்மின் சுகந்தி மேடத்திடம் எப்படிக் கேட்பது என்று நாலு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். அதற்குள் கெட்ட காலம். அந்தப் படத்தை என் புரொஃபைலில் வைத்தேன். வட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஓரங்களைக் குறைத்தேன். மூலையிலிருந்த ஷபானாவின் பெயர் வெட்டுப்பட்டுப் போனது. சத்தியமாக நான் கவனிக்கவில்லை.

எங்கள் குரூப்பில் வரைந்தவர் பெயரை வெட்டிப் படம் போட்டால் ஆளை நீக்கிவிடுவார்கள். சுகந்தி மேடமே போன் செய்தார். அழைப்பில் அவர் பெயரைப் பார்த்ததும், அவசரத்தில் எடுத்த போன் வளையல் டப்பாவுக்குள் விழுந்தது.

“பாண்டிமா, நீங்களே இப்படிப் பண்ணலாமா?”

“மேடம், அது என் கதைக்கு வரைஞ்ச படம் மேடம். தெரியாம வெட்டுப்பட்டுருச்சு. உடனே எடுத்துடுறேன்.”

“இந்தத் தடவை எச்சரிக்கையோட விடுறேன். மீட்டிங்குக்கு வாங்க, பின்னாடி உக்காருங்க, பிரச்சினை பண்ண வேணாம்.”

போனை வைத்துவிடுவாரோ என்று அவசரமாகக் கேட்டேன். “மேடம், அந்தச் சட்டத்துக்கு அடியில என் பேரு ஒரு வரி...”

“சட்டம் ஆர்டர் குடுத்தாச்சும்மா.”

“என் கதையைப் பேரை வெட்டிட்டு ஊரெல்லாம் அனுப்புறாங்களே மேடம், அதுக்கு எச்சரிக்கை கிடையாதா?”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

“படத்தை அப்படி அனுப்புனா திருட்டு, கதையை அப்படி அனுப்புனா ஷேர் பண்றது. ரூல் அப்படித்தாம்மா இருக்கு.”

டைப்பிங்

ஷபானாதான் என்னைக் காட்டிக்கொடுத்திருப்பாள் என்று தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு சோறு இறங்குமா? கடையில் ஆள் இருக்கும்போதே அவளுக்குச் செய்தி தட்டினேன். ‘நான் குடுத்த கதையில நீ பேரு வாங்கிட்டு’ என்று தொடங்கினேன். அழித்தேன். ‘உன்னைத் தங்கச்சி மாதிரி நெனச்சேன்’ என்று தட்டினேன். அதையும் அழித்தேன். அரைமணி நேரம் இதே பாடு. நான் தட்டுவதெல்லாம் அவளுக்கு ‘டைப்பிங்’ என்று காட்டும் என்பது என் மண்டையில் உறைக்கவேயில்லை. திடீரென்று அவளிடமிருந்தே செய்தி வந்தது.

“என்னக்கா, அடுத்த பார்ட்ட எனக்கு மட்டும் அனுப்பப் போறீங்களா? இம்புட்டு நேரமா டைப் பண்றீங்க!”

தல்லாகுளத்து ஹால்

போக வேண்டாம் என்று முடிவுசெய்து, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். கடைசி வரிசை. மேடையில் நடிகை, பக்கத்தில் சுகந்தி மேடம், ஷபானா. படத்தை மூடியிருந்த துணியை விலக்கியதும் கைதட்டல் கூரையைத் தொட்டது. நடிகை படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் விரலை நீட்டி, “வாட்ச்ல ஒரு நேரம், சுவத்துல ஒரு நேரம். மாறிப்போச்சோ?” என்று சிரித்தபடி கேட்டார். சுகந்தி மேடத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. “சின்னத் தப்பு மேடம், திருத்திக் குடுத்துருவோம்” என்றார். முள்ளைத் திருத்தினால் என் கதையில் என்ன மிச்சம்? எழுந்தால் பிரச்சினை பண்ணுகிறேன் என்பார்கள், எழாவிட்டால் வேனில் சரியான நேரத்தில் நின்றுவிடுவாள். எழுந்தது பாதி, உட்கார்ந்தது பாதியாக நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஷபானா மைக்கை வாங்கினாள். “தப்பு இல்ல மேடம். அப்படித்தான் இருக்கணும். ஏன்னு சொல்லத்தான் எனக்கு வாய் வராது. சொல்ல வேண்டியவங்க பின்னாடி சேரைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. பாண்டிமாக்கா, வாங்க!”

எப்படி மேடைக்குப் போனேன் என்று தெரியாது. “அது அவன் கையால வச்ச நேரம் மேடம். இவ அதைச் சரி பண்ணிட்டா அவன் கை பட்டது அழிஞ்சு போயிரும்ல?” என்று மட்டும் சொன்னேன். எழுத்தில் பக்கம் பக்கமாக வருகிற எனக்கு வாயில் அவ்வளவுதான் வந்தது. நடிகை தன் வெறும் மணிக்கட்டை மெதுவாகத் தடவிக்கொண்டார். பிறகு யாரிடமோ பேனா வாங்கி என் கையில் கொடுத்து, கையெழுத்துப் போடச் சொன்னார். ஷபானா சட்டத்தைச் சாய்த்துப் பிடித்தாள். முன்பக்கம் பூராவும் கண்ணாடி, அதற்குள் மழை, பஸ் ஸ்டாண்டு, மூலையில் அவள் பெயர். பேனாவை வைக்க இடமே இல்லை. நடிகை சட்டத்தைத் தானே திருப்பிப் பிடித்தார்.

“முன்னாடி இடமில்லையேம்மா, பின்னாடி அட்டையில போட்டுக் குடுக்கிறீங்களா?”

ஆக சகோதரிகளே, அந்தக் கதையை எழுதியது யார் என்பது இப்போது சென்னையில் ஏதோ ஒரு வீட்டுச் சுவருக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.