கிரீஸுக்குப் போன கணவாய்

2012-இல் கிரீஸ் என்ற நாடு கவிழ வேண்டும் என்று சிதம்பரத்தில் உட்கார்ந்து விரும்பியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காரணம் என் சகலை. மனைவியின் தங்கை கணவர்; எட்டாவது தேறாதவர். கடலூர் முதுநகரிலிருந்து கணவாய் மீனை உறையவைத்து அந்த நாட்டுக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார். சாமி கும்பிட வந்தால் அவருடைய கார் என் வாசலை முழுதாக அடைத்துக்கொண்டு நிற்கும். நான் சுங்க இலாகாவில் முப்பத்தொரு வருடம் அடுத்தவர் சரக்குக்குக் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவன்.

கடனில் மூழ்கிய கிரீஸ், யூரோ நாணயக் கூட்டமைப்பை விட்டு, ஒப்பந்தம் எதுவுமில்லாமல் வெளியேறிவிடும் என்று பத்திரிகைகள் எழுதின. சகலை போன் செய்தார்.

"சகலை, வெளில போயிட்டா நம்ம சரக்கு என்னா ஆவும்?"

"சட்டம் போட்டு யூரோவை அவுங்க பழைய காசா மாத்திடுவாங்க. அதுக்கு மதிப்பு பாதிகூட இருக்காது. அதைத்தான் குடுப்பாங்க."

"ஐயய்யோ. அப்ப கண்டெய்னர அனுப்பலாமா, வாணாமா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

யோசிக்க ஒன்றுமில்லை. 'வேறொரு நாட்டு வங்கி வழியாக, யூரோவிலேயே, முன்பணம்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். அவர் நேரில் வந்து இன்னொரு முறை கேட்கட்டும் என்றிருந்தேன்.

மூன்றாம் நாள் மனைவி சொன்னாள்: "இன்னும் யோசிக்கிறீங்களான்னு தங்கச்சி கேக்குறா. ஒரு கண்டெய்னருக்கே இவ்ளோ நாளுன்னா, ஆபீஸ்ல கப்பல எத்தன வருஷம் நிறுத்தி வெச்சீங்க?"

மறுநாள் அந்த வரியை மூன்று பிரதி எடுத்துக்கொண்டு முதுநகர் போனேன். கண்டெய்னர் கிளம்பிவிட்டிருந்தது.

"வாங்கறவருகிட்டயே போன்ல கேட்டுட்டேன் சகலை," என்றார். "நாட்டுக்கு வெளில உங்க ஆளு யாருனா இருக்காங்களான்னு. அவரு மச்சான் ஜெர்மனில இருக்காராம். அங்கேர்ந்தே யூரோவா முன்னாடியே போட்டுட்டாரு. எந்த ஊரா இருந்தாலும் மச்சான்தான் சகலை மாட்டுறான்!"

என் மூன்று பிரதிகளையும் வாங்கி மரியாதையாகப் பார்த்தார். தலைகீழாக.

"இவ்ளோ தெரிஞ்சவரு சும்மா வீட்ல இருக்கீங்களே. இங்க வந்து பேப்பர்லாம் பாத்துக்குங்க. சம்பளம் போட்டுத் தரேன்."

கிரீஸ் கடைசிவரை வெளியேறவே இல்லை. சகலையின் வேலையை நான் மறுத்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. திங்கட்கிழமை எட்டரை மணி பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். ஏசி அவர் அறையில் மட்டும் இருந்தது. எனக்குப் போட்டிருந்த மேசை அதற்கு வெளியே.