ட்வைட்டுக்கு இல்லாத குழந்தை

எங்கள் கட்டடத்து வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன் செத்துப்போன ஜனவரியில், எங்களோடு குடியிருந்த லோர்னா வுகோவிச் யாரிடமும் கெஞ்சவில்லை. துலூத் நகரத் துறைமுகக் கிடங்கில் கணினிகளைப் பராமரிப்பவள் அவள். கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் வேலை முடிய வேண்டும்.

ஏஐக்குத் தினமும் புதிதாகச் சொல்லிக்கொடுப்பதை வெட்டிவேலை என்பாள். 'குடியிருப்பவர் சொன்னதை மட்டும் எழுது. நகரச் சட்டப்படி புகாராக்கு' என்ற அறிவுறுத்தலை ஒரு கோப்பில் வைத்திருந்தாள். வீடுவீடாகப் போய், நடுங்குபவர்கள் பேசுவதைத் தட்டச்சு செய்வாள். 'புகார்' என்று ஒரு சொல் அடிப்பாள். கோப்பும் பேச்சும் சேர்ந்து கடிதமாக வந்து விழும். கையெழுத்து வாங்கிவிடுவாள்.

புகார் நகர அதிகாரியின் விசாரணைக்கு வந்தது. அங்கே அந்தக் கடிதங்கள் தள்ளுபடியானால் வசந்தம்வரை வெப்பம் கிடையாது. வீட்டுக்காரரின் வக்கீல் ப்ரென்டிஸ் ஒரு கடிதத்தை உயர்த்திக் காட்டினார்.

"மிஸ்டர் ஹாகன், ராத்திரி பூரா இருமுதே உங்க குழந்தை, அது எங்க?"

"எனக்குக் கல்யாணமே ஆகலை. இருமுறது நான்தான்," என்றார் கீழ்த்தளத்து ட்வைட் ஹாகன்.

"படிக்காமலா கையெழுத்துப் போட்டீங்க?"

"மூக்குக்கண்ணாடி பனி மூடிக் கிடந்துச்சு. வீட்டுக்குள்ளதான்."

"எல்லாம் மெஷின் கட்டின கதை. மொத்தத்தையும் தள்ளிடுங்க," என்றார் ப்ரென்டிஸ் அதிகாரியிடம்.

லோர்னா எழுந்தாள். "தப்பு என்னோடது. மாதிரிக்குன்னு மேல்மாடி ரோஸலின் குழந்தையைக் கோப்புல எழுதினேன். எடுக்க மறந்துட்டேன், அது இவர் இருமலோட ஒட்டிக்கிச்சு. இப்பவே பாருங்க."

கோப்பைப் பெரிய திரையில் எல்லோருக்கும் திறந்து காட்டினாள். அந்த ஒரு வாக்கியத்தை அழித்தாள். எல்லார் பேச்சின்மீதும் கட்டளையை மறுபடி ஓட்டினாள். கடிதங்கள் வரிசையாக வந்தன. ட்வைட்டின் கடிதத்தில் குழந்தை இல்லை. குளிர் எல்லாவற்றிலும் இருந்தது. ட்வைட் கண்ணாடியைத் துடைத்து, முழுதும் படித்துக் கையெழுத்திட்டார்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கே?" என்றார் ப்ரென்டிஸ்.

"கொதிகலன் ஒண்ணுதானே சார்," என்றாள் லோர்னா. " நீங்க அனுப்புற காலிபண்ணச் சொல்ற நோட்டீஸும் ஒரே மாதிரிதான், பேரை மட்டும் மாத்துறீங்க. எங்க அச்சுக் கோப்பை நாங்க திறந்து காட்டிட்டோம். உங்களோடதைக் காட்டுங்க."

ஒரே அச்சு வக்கீலிடம் இருந்தால் அது நடைமுறை, வாடகைக்காரரிடம் இருந்தால் மோசடி. இந்த நியாயத்தை யார் ஏற்பார்கள்?

அதிகாரி ஏற்கவில்லை. கொதிகலனை உடனே மாற்ற உத்தரவிட்டார். லோர்னா அந்தக் கோப்பை ஊரில் எந்தக் கட்டடமும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் போட்டாள். முதல் வரியாக ஒன்றைச் சேர்த்திருந்தாள்: 'கையெழுத்துக்கு முன் படித்துக் காட்டச் சொல்லி நினைவூட்டு.'

குழாய்கள் சூடேறிய அன்று ட்வைட் அவற்றின்மேல் கையுறைகளைக் காயவைத்தார்.

"குழந்தை எப்படி இருக்கு?" என்றாள் லோர்னா.

"இருமல் குறைஞ்சிருக்கு," என்றார்.