மங்கலாகப் போன காதுகுத்து

என் மகளுக்குக் காது குத்திய அன்று என் தம்பி மஸ்கட்டில் இருந்தான். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவது எங்கள் வழக்கம். அவனுக்குக் கொடுத்த லீவைக் கடைசி நேரத்தில் ரத்து செய்துவிட்டார்கள். கிடாய் வாங்கி, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, தள்ளிவைக்க முடியவில்லை. அவனுக்குப் பதிலாக எங்கள் சித்தப்பா மகனை உட்காரவைப்பது என்று முடிவானது. “அப்ப என்னைய விட்டுட்டுக் குத்தப் போறீக” என்று தம்பி ஒரே ஒரு தடவை சொன்னான். அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால்கூட எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

பேரையூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலில் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. வீடியோ காலில் காட்டவும் வழியில்லை. “நான் வாங்கிக் குடுத்த போன்லயே ஃபோர்கேல எடுக்கா. பெரிய டிவில போட்டு, கூட இருந்த மாதிரி பாத்துக்கிறேன்” என்றான். எடுத்தேன். வெயிலில் போன் கையைச் சுட்டது. திரை இருண்டுகொண்டே வந்தது. எப்படியோ முழுதாகப் பதிவாகிவிட்டது.

வண்டியூரில் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஏழரை ஆரம்பித்தது. வீடியோ தளத்தில் ஏற்றினால் பாதியில் நின்றது. திரை அணைந்தால் ஏற்றுவதும் நின்றுவிடுகிறது என்று நானே கண்டுபிடித்தேன். அடுப்படியில் ஒரு கையால் குழம்பைக் கிண்டி, மறுகையால் போனைத் தட்டிக்கொண்டே நின்றேன். முடியப் போகிற நேரம் பார்த்துக் கரண்ட் போனது. வைஃபையும் கூடவே போனது. “அணைச்சுட்டுத் திரும்பப் போட்டுப் பாரு” என்றார் என் வீட்டுக்காரர். மிக்சி, மோட்டார், கேபிள் எல்லாவற்றுக்கும் அவரிடம் இருப்பது இந்த ஒரே வைத்தியம்தான்.

விசேஷத்துக்கு வந்த அம்மா ஊருக்குப் போகாமல் எங்களோடு தங்கியிருந்தாள். காலையில் எழுந்ததும் அவள் கேட்பது, “அவன் தெளிவாப் பாத்துட்டானா?” என்பதுதான்.

“நீ வேற ஏம்மா?” என்று எரிந்து விழுவேன்.

ஒருவழியாக ஏறியது. தம்பி போன் செய்தான். “என்னத்தக்கா எடுத்த? ஒரே மங்கலா இருக்கு. மடியில என்னமோ வெள்ளையா திட்டுத் திட்டா தெரியுது. ஒரு மூஞ்சியும் வெளங்கல.”

அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். மறுபடியும் மங்கல். அதையும் அழித்தேன். மூன்றாவது தடவையும் அவன் அதே பல்லவியைப் பாடியபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“நான் என்னடா கண்ண மூடிக்கிட்டா எடுத்தேன்? என் போன்ல பளிச்சுனு இருக்கு.”

“உனக்கென்ன, நீ நேர்லயே பாத்துட்ட” என்று சொல்லி வைத்துவிட்டான். ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தத் தடவை அழிக்கப் போனபோதுதான் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். தெளிவான பதிப்பு இன்னும் தயாராகிக்கொண்டிருக்கிறதாம். முதலில் மங்கலானதைப் போட்டுவிட்டு, நல்லதை நிதானமாகத்தான் தருவார்களாம். இத்தனை நாளும் சோறு வேகும் முன்பே பானையைக் கவிழ்த்துவிட்டு, மறுபடி உலை வைத்திருக்கிறேன். இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டால் குறைந்தா போய்விடுவார்கள்?

மறுநாள் காத்திருந்து அவனைக் கூப்பிட்டேன். “ஓரத்துல பல்சக்கரம் மாதிரி இருக்கும் பாரு, அதை அமுக்கி, இருக்கிறதுலயே பெரிய நம்பரா வையி” என்றேன். டிவியில் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்றான். “நிப்பாட்டி வச்சுட்டு டீயக் குடி, அது சேந்துரும்” என்றேன். அதற்குப் பிறகு அவன் திரும்பக் கூப்பிடவில்லை. சாயங்காலம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு நானே கூப்பிட்டேன்.

“இப்பவும் மங்கலாத்தான் இருக்கா?”

“இல்லக்கா. சித்தப்பா வீட்டு அண்ணே மடியில, பாப்பாவுக்குக் கீழ மடிச்சு விரிச்சிருக்கே, அது என் வேட்டியா?”

“உன் வேட்டி அங்க எப்படிடா வரும்?”

“கரைக்கு மேல தீஞ்ச தடம் இருக்கு. உன் கல்யாணத்தன்னைக்கு நான் இஸ்திரி போட்டுச் சுட்டது.”

எனக்கு நம்பிக்கை இல்லை. வீட்டுக்காரரின் போனில் படத்தை நிறுத்திப் பெரிதாக்கினேன். பழுப்பாக, இஸ்திரிப் பெட்டியின் முனை பட்ட தடம். கைக்கெட்டும் தூரத்தில் நின்று எடுத்த நான் இதைப் பார்க்கவே இல்லை. எனக்கு அன்றைக்கு முழுக்கக் கவலை திரையைப் பற்றித்தான்.

போனைக் காதில் வைத்தபடியே, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். அவள் நிமிரவில்லை.

“அவன் மடியிலதான பிள்ளை உக்காரணும்” என்றாள்.

போனை அம்மாவின் காதில் வைத்தேன்.