கற்பூரம் மணந்த ஆப்பிள் பாகு

நவராத்திரி முடிந்தால் எங்கள் வீட்டு ஐஸ் பெட்டியில் ஆப்பிளைத் தவிர வேறு எதற்கும் இடமிருக்காது. இந்தப் பினாங்கில் நான் வாங்கும் அர்ச்சனைத் தட்டில் தேங்காய், வாழைப்பழத்தோடு ஒரு ஆப்பிளாவது இருக்கும். போன வருடம் ஒன்பது நாளும் விடாமல் கோயிலுக்குப் போனேன். எல்லாம் என் வீட்டுக்காரருக்காகத்தான்.

ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து நான்கு மாதமாக அவருக்கு வாசனையே தெரியவில்லை. ருசியும் கூடவே போய்விட்டது. முன்பெல்லாம் தட்டில் கை வைக்கும் முன்பே குறை சொல்லுகிற மனிதர். நானும் சளைக்காமல் சண்டை போடுவேன். அந்த நான்கு மாதமும் எதை வைத்தாலும் "நல்லாருக்கு" என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். 

ஒரு மாலை செபராங் ஜெயாவில் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்க கேஸ் நெடி. இவர் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். ஓடிப்போய் கேஸை மூடிவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு குளியலறைக்குள் போய் அழுதேன். டாக்டரோ, வந்தாலும் வரலாம், பொறுத்திருங்கள் என்று சொல்லிவிட்டார்.

விஜயதசமி முடிந்த ஞாயிறு காலை, இத்தனை ஆப்பிளை என்ன செய்வது என்று யோசித்தபோது கைப்பேசியில் பார்த்த ஆப்பிள் பாகு ஞாபகம் வந்தது. குளிர் நாடுகளில் இலை உதிரும் காலத்தில் காய்ச்சி, தடித்த தோசை மாதிரி ஒன்றின்மேல் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். நமக்கு வெயிலையும் மழையையும் விட்டால் வேறு ஏது காலம்? இருந்தாலும் தோலோடு நறுக்கி, வேகவைத்து, துணியில் வடிகட்டி, சர்க்கரையும் பட்டையும் போட்டுச் சுண்ட விட்டேன்.

பாகு கம்பிப் பதத்துக்கு வரும் நேரம், ஒரு கரண்டி எடுத்து ஆற்றி நாக்கில் வைத்தேன். தூ! அப்படியே கற்பூரம். கோயிலிலிருந்து கொண்டுவந்த பைகளைப் பிரிக்காமல், மிச்சக் கற்பூரப் பொட்டலங்களோடு அப்படியே ஐஸ் பெட்டிக்குள் திணித்தது இந்த மகாராணிதான். ஒன்பது நாளும் வீடே கற்பூரமாக மணந்ததில் என் மூக்குக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கொளுத்துகிற கற்பூரம், வாயில் வைக்கவே கூடாது. ஒரு கிலோ சர்க்கரையும் ஒரு காலைப் பொழுதும் வீண். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

அப்போது அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"என்னா லா இது, கற்பூரத்தப் போட்டா சமைக்கிற?"

சுள்ளென்று கோபம் வந்தது. "ஆமா, ஒங்களுக்குத் தீபாராதன காட்டத்தான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். கரண்டி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. நான் அவரிடம் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லையே.

"ஏங்க… ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவரும் அப்போதுதான் உணர்ந்தார். பானைப் பக்கம் வந்து குனிந்தார். மூச்சை இழுத்தார், மறுபடியும் இழுத்தார். "வருது லா… வருது" என்றார்.  காப்பித் தூள், பூண்டு, சோப்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் மூக்கில் வைத்துப் பார்த்தார். எதுவும் தெரியவில்லை. கற்பூரம் மட்டும்தான்.

அது போதும் என்று இருந்தது எனக்கு. தாயே, நன்றி என்று வாய்விட்டே சொன்னேன். சாமி மேடையில் ஏற்றாமல் மிஞ்சிய கற்பூரத்தை என் மறதியைக் கொண்டே அடுப்பில் ஏற்றி, அவர் மூக்குக்குக் காட்டிவிட்டாள் அந்தத் தாய்.

பாகைக் கொட்ட மனம் வரவில்லை. ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, அவருக்கு அந்த வாசனை வந்துகொண்டே இருக்கட்டும் என்று அடுப்பைச் சின்னதாக எரியவிட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.