தலைக்கனம்

தேன்மெழுகு உருகுகிற வாசனை எங்கள் வீட்டில் ஆடிக் காற்றோடுதான் வரும். அம்மா முட்டை பொரிக்க வைத்திருந்த இரும்புக் கரண்டியில் மெழுகைப் போட்டு, அதன் மேல் குங்கிலியத்தைப் பொடி பண்ணித் தூவி, அடுப்புத் தணலில் அண்ணன் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பூசை நடக்கிற கோயில் மாதிரி வீடு முழுக்க மணக்கும். "கரண்டி பாழாப்போச்சு, இனிமே இதுல முட்டை பொரிச்சா மெழுகுவத்தியத் துன்ன மாதிரிதான் இருக்கும்" என்று அம்மா கத்துவாள். அடுத்த ஆடிக்கும் அவளே அந்தக் கரண்டியைத் தேடி எடுத்துக் கொடுப்பாள்.

கள்ளக்குறிச்சியில், கோமுகி ஆற்றுக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா போய்விட்டார். அண்ணன் அருளப்பனுக்கும் எனக்கும் வயசு வித்தியாசம் அதிகம், என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவரே அவர்தான். வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்த காலம் அது. நீலகிரிப் பக்கம் ஒரு மலையூரில், துரைமார்கள் விட்டுவிட்டுப் போன கோல்ஃப் மைதானத்தில் அண்ணனுக்கு வேலை. முதலில் ஆட வருகிறவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார், அப்புறம் மட்டைகளைச் சரிபண்ணுகிற கொட்டகையில் சேர்த்துக்கொண்டார்கள். ஆடி மாதம் அங்கே விடாத மழை பெய்து மைதானம் சேறாகிவிடும், ஆட்டக்காரர்கள் மலையிறங்கிப் போய்விடுவார்கள், அண்ணன் ஊருக்கு வருவார்.

புல்லில் வைத்த சின்ன வெள்ளைப் பந்தை இரும்புத் தலை வைத்த தடியால் அடித்து, கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிற ஒரு குழிக்குள் விழவைக்கிற ஆட்டம் என்று அவர் சொன்னபோது தெருவில் ஒருத்தரும் நம்பவில்லை.

"குழியில வுழுந்தா இன்னா குடுப்பாங்க?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு மரியம்மா அத்தை.

"ஒண்ணும் குடுக்கமாட்டாங்க அத்தே. எடுத்து மறுபடியும் அடிப்பாங்க."

"அய்ய! மூளை நல்லா கீதாடா அவங்களுக்கு?"

யாரோ ஒரு ஆட்டக்காரர் கோபத்தில் பிடிப்பக்கம் ஒடித்துப்போட்ட ஒரு மட்டையை அண்ணன் கேட்டு வாங்கி வந்திருந்தார். மணலில் புதைந்த பந்தைத் தோண்டி மேலே தூக்குகிற மட்டையாம் அது. கனத்த இரும்புத் தலை, அதன் முகம் வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும், பார்த்தால் களைக்கொத்துக்குத் தம்பி மாதிரி தெரியும். அண்ணன் அதை "வெட்ஜு" என்பார். அம்மாவுக்கு அந்தப் பேர் வாயில் நுழையவில்லை, "வந்துட்டான் பாரு, வெத்துக் குச்சியத் தூக்கிக்கினு" என்பாள். கூடவே கொண்டுவந்த பந்துகளில் ஒன்றை முட்டையோடு முட்டையாக அடைக்கோழிக்கு வைத்துவிட்டாள் அவள். கோழியும் அதை மார்புக்கடியில் தள்ளித் தள்ளிக் காத்தது.

ஒடிந்த இடத்தை ராவி எடுத்து, சைக்கிள் டியூப்பைச் சுற்றிப் பிடி கட்டினதும் குச்சி என் உயரத்துக்குச் சரியாக வந்தது. எடுத்து வீசிப் பார்த்தேன். கையில் ஒன்றும் இல்லாத மாதிரி காற்றில் போனது. "இப்பிடித்தான் ஆகும் பாப்பா" என்றார் அண்ணன், "நீளம் கொறைஞ்சா தலைக்கனம் கொறைஞ்சிடும்." தலைக்கனம் என்றால் மனிதர்களைத் திட்டுகிற சொல் என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும், அதுவும் என்னைத்தான் அதிகம் திட்டியிருக்கிறார்கள். யார் வீட்டிலும் ஒரு வாய் சோறு வாங்கித் தின்னமாட்டேன், யார் கூப்பிட்டாலும் ஒரு கூப்பாட்டுக்குத் திரும்பமாட்டேன். அண்ணன் சொன்ன தலைக்கனம் வேறு. தராசில் போட்டால் வருகிற எடை இல்லையாம் அது. குச்சியை வீசுகிறபோது அதன் தலை எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டாலும் கைக்குத் தெரியவேண்டும், அந்தக் கனம். அது கம்மியானால் கை அவசரப்படும், ஜாஸ்தியானால் கை பின்தங்கும் என்பார். கொட்டகையில் அதைப் பார்க்க ஒரு கருவியே வைத்திருந்தார்களாம். இங்கே அவருக்கு என் முகம்தான் கருவி. நான் வீசுவேன், அவர் என் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் வலையடியில் கோக்கிற ஈயக்குண்டுகளை வாங்கிவந்து, அம்மிக்குழவியால் அடித்து வெற்றிலை மாதிரி தகடாக்குவார். கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் தேனும் விற்க இறங்கி வருகிறவர்களிடம் மெழுகு கிடைக்கும். மெழுகும் குங்கிலியமும் சேர்ந்து உருகினதும் குச்சித் தலையின் முதுகில் தடவி ஈயத்தகட்டை அழுத்தி ஒட்டுவார். நாங்கள் ஆற்றுக்குப் போவோம். ஆடியில் கோமுகியில் தண்ணீர் இருக்காது, வெயிலில் சுடுகிற மணல்தான். வீசிவிட்டு "இன்னும்" என்பேன், வீட்டுக்கு வந்து இன்னொரு தகடு ஒட்டுவார். ஒருநாள் வீசினபோது மணல் பூவாய்ச் சிதறி, அதன் நடுவிலிருந்து பந்து எழும்பி, மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன்களின் தலைக்கு மேலே போய் எதிர்க்கரையில் விழுந்தது. "யேய், அமலு முட்டையப் பறக்கவுட்டுட்டாடா!" என்று அவர்கள் ஓடினார்கள். அண்ணன் மட்டும் பந்தைப் பார்க்கவே இல்லை. "கைக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டார். தெரிந்தது.

அப்புறம் ஒவ்வொரு ஆடிக்கும் நான் வளர்ந்திருப்பேன், ஒரு தகடு கூடும். "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குடா கனம் ஏத்திக்கினே போற? ஏற்கெனவே இவளுக்கு அது ஜாஸ்தி" என்பாள் மரியம்மா அத்தை. "தலைக்கனம் இல்லன்னா மணல்ல எறங்காது அத்தே" என்பார் அண்ணன். இன்றைக்கும் என்னை யாராவது அப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை, அதனால்தான்.

ஒரு வருஷம் அவர் ஆடிக்கு முன்னாலேயே, மாசி மாதத்தில் வந்துவிட்டார். மலையில் ஆட்டம் சூடுபிடிக்கிற சமயம் அது, வேலையை விட்டு யாரும் வரமாட்டார்கள். பேருந்தை விட்டு இறங்கினவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார், கையில் பிடிக்கவில்லை. வலது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. கொட்டகையில் உளி நழுவிக்கொண்டே இருந்ததாம். மேஸ்திரி நல்ல மனுஷர், "போய் ரெஸ்ட் எடு, கை சரியானதும் ஆடிக்கப்புறம் வா, உன் இடம் இருக்கும்" என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தையை நாங்கள் மூன்று பேரும் பிடித்துக்கொண்டோம்.

அம்மா அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் அம்மாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்த அம்மா எங்களை அடுத்த பேருந்திலேயே ஏற்றினாள். வரும் வழியெல்லாம் பேருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அப்புறம் கல்வராயன் மலையில் ஒரு வைத்தியர் எண்ணெய் தருகிறார் என்று கேள்விப்பட்டு வெள்ளிமலைக்கு நடந்தே போய் வாங்கிவந்தாள். காலையும் மாலையும் அண்ணன் கையில் தேய்ப்பாள், சுளுக்கு எடுக்கிற மாதிரி அழுத்தி அழுத்தித் தேய்ப்பாள்.

கையைப் பழக்கினால் திரும்பிவிடும் என்று அண்ணன் நம்பினார், அல்லது எனக்காக நம்புகிற மாதிரி இருந்தார். அவருடைய நீளமான மட்டைகள் மலையிலேயே இருந்தன. "பாப்பா, உன் குச்சியக் குடு" என்றார். வாங்கி அரை வீச்சு வீசினார், தலை தரையில் இடித்துக்கொண்டது. "கனம் ஜாஸ்தி. ஒரு தகட்ட எடுத்துடேன்."

எடுத்தேன். தணலில் குச்சித் தலையைக் காட்டினால் மெழுகு இளகும், கத்தி முனையால் தகட்டைப் பெயர்த்துவிடலாம். சில நாள் சரியாக இருந்தது, மணலில் நின்று மெல்ல வீசினார். பிறகு, "இன்னொண்ணு." அதையும் எடுத்தேன். எனக்காக வருஷா வருஷம் ஏற்றிய கனத்தையெல்லாம் அந்தக் கோடையில் ஒவ்வொன்றாக இறக்கினேன். கடைசித் தகடும் போனது. மெழுகுக் கறையையும் சுரண்டித் துடைத்தேன். அதற்கப்புறமும் அவர் குச்சியைத் தூக்கும்போது தோள்தான் ஏறியது, கை ஏறவில்லை. "இன்னும் கொஞ்சம் கனமாத்தான் கீது பாப்பா."

இரும்பை நான் எங்கே போய்க் குறைப்பேன்? ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. யோசித்து யோசித்து, அண்ணன் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது: தலையில் கை வைக்க முடியாவிட்டால் பிடியில் கனம் ஏற்று, பிடி கனத்தால் தலை லேசாகும் என்று. புது ஈயக்குண்டு வாங்கி, தட்டி, பிடியின் நுனியில் சுற்றி, மேலே டியூப்பை இழுத்துக் கட்டினேன். வீசிப் பார்த்தேன். அப்பா, தலையே இல்லாத மாதிரி எவ்வளவு லேசு! நாலு வகுப்பு தாண்டாத எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்த அண்ணன் மடியில் கொண்டுபோய் வைத்தேன்.

"பிடியில ஏத்திட்டேண்ணா. இப்ப பாரு."

அவர் இரண்டு கையையும் அதன் மேல் வைத்தார். வெகு நேரம் அப்படியே வைத்திருந்தார். தூக்கவில்லை. "அடேயப்பா" என்றார், "இப்பதான் சரியா கீது. பஞ்சு மாதிரி. கொட்டாய்ல கூட இப்பிடி ஒருத்தனும் பண்ணமாட்டான்." நான் குதித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன், மரியம்மா அத்தையிடம் சொன்னேன், அண்ணன் ஆடி கழிந்ததும் வேலைக்குப் போகப்போகிறார் என்று.

திரும்பி வந்தபோது குச்சி தரையில் கிடந்தது. மடியிலிருந்து சரிந்திருக்கிறது, அதைப் பிடிக்க அவரால் முடியவில்லை. அம்மா குனிந்து எடுத்து, எடை பார்க்கிற மாதிரி கையில் வைத்துப் பார்த்தாள். கொல்லைப்பக்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"வீசறவனுக்குத்தாண்டி இது லேசு. தூக்கறவனுக்கு முன்னவிடக் கனம்" என்றாள். நான் பிடியைப் பார்த்தேன். புதிதாகச் சுற்றின ஈயம் அத்தனையும் குச்சியின் மொத்த எடையில்தான் சேர்ந்திருந்தது. வீசுகிற கைக்காக யோசித்தேனே தவிர, தூக்கக்கூட முடியாத கையை நான் நினைத்தே பார்க்கவில்லை. "கனம் குச்சியில இல்லடி அமலு. இந்த நோவு ஒடம்பு பூரா ஏறும், மருந்து இல்லன்னு அன்னிக்கே டாக்டர் சொல்லிட்டார். எண்ணெயும் நான் சும்மாதான் தேய்ச்சுக்கினு கீறேன், தேய்க்காம இருக்க முடியல." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், உள்ளே அவருக்குக் கேட்கக்கூடாது என்று.

மறுநாள் சாயங்காலம் அண்ணனே பேச்சை எடுத்தார். "பாப்பா, அந்த ஈயத்தயெல்லாம் திரும்ப ஒட்டிடு. போன ஆடிக்கு இருந்த மாதிரி உன் கைக்குப் பண்ணு. நீ வீசு, நான் பாக்கறேன்."

எனக்குக் கை வரவில்லை. ஒட்டினால் அவர் இனி ஆடமாட்டார் என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும். சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். தகடெல்லாம் தொலைந்துபோயிற்று என்று பொய் சொன்னேன். அப்போது அம்மா எழுந்துபோய் அடுக்குப்பானையைத் திறந்து, ஒரு துணி முடிச்சை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். நான் பெயர்த்துப்போட்ட தகடு ஒன்றுவிடாமல் அதில் இருந்தது. அவன் கை சரியானால் திரும்பக் கேட்பான் என்று பொறுக்கி வைத்திருக்கிறாள், வெத்துக் குச்சி என்று திட்டினவள். கரண்டியையும் அவளே அடுப்பில் வைத்தாள். "ஒட்டுடி. அவன் பாக்கணும்."

கட்டிலோடு அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஆற்று மணலில் இறக்கினோம். மாடு மேய்க்கிற பையன்கள் கால்மாட்டில் பிடித்துக்கொண்டார்கள், ஒருத்தனும் அன்றைக்குக் கேலி பண்ணவில்லை. வீசினேன். பந்து எங்கே போனதென்று எனக்குத் தெரியாது, கண்ணெல்லாம் தண்ணீர். அண்ணன் என் புருவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு தகடு கம்மி" என்றார். "வளர்ந்துட்ட."

ஐப்பசியில், ஆற்றில் தண்ணீர் வந்த வாரத்தில் போய்விட்டார். அந்த ஒரு தகட்டை நான் ஒட்டவே இல்லை. குச்சியை அம்மா அவரோடு சவப்பெட்டிக்குள்ளேயே வைத்தாள். அவர் மண்ணோடு கலந்த மண்ணில் இரும்பும் இந்நேரம் துருவாகியிருக்கும்.

இப்போது கோமுகியில் மணலே இல்லை. அள்ளி அள்ளிக் களிமண் தெரிகிறது, கரையெல்லாம் சீமைக்கருவேலம், அண்ணன் கட்டிலை இறக்கின இடம் இதுதான் என்று யாருக்கும் என்னால் காட்டமுடியாது. காட்டினாலும் கேட்க, அவரைப் பார்த்தவர்கள் ஒருத்தரும் இல்லை. எனக்கு வயசு எண்பதைத் தாண்டிவிட்டது. கண் மங்கிவிட்டது, முழங்கால் பிடிக்கிறது, கை மட்டும் அப்படியே இருக்கிறது. குழாயடியில் தண்ணீர்க் குடத்தை நானேதான் தூக்குகிறேன். "ஆயா, உங்க கை இரும்புங்க, எங்களுக்குக் கொஞ்சம் குடுத்தா இன்னாங்க" என்று எதிர்வீட்டுப் பெண் தினமும் சிரிப்பாள். என்னைப் புகழ்ந்தால் நின்று கேட்கிறவள்தான் நான், இந்த ஊருக்கே அது தெரியும். அந்தப் பேச்சுக்கு மட்டும் நிற்கமாட்டேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுவேன்.