பூ விரியட்டும் என்று சொன்னேன்

அந்தப் பூச்சியை முதலில் பார்த்தவன் நான்தான். தோட்டத்துக்குச் சொந்தக்காரியான என் அக்கா பார்க்கவில்லை, மருந்தடிக்கிறவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அதுவும் லேப்டாப் திரை நிறைய, கண்ணும் காலும் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கி வைத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஆகா, என்ன அழகு என்று தனியாக உட்கார்ந்து பூரித்துப் போனேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எனக்கு ஆபீஸ் வேலை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைதான் பெரும்பாடு. ஆறு நாளை மில் பார்த்துக்கொள்ளும். ஏழாவது நாளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வீட்டில் கிடந்த பழைய கேமராவுக்கு ஒரு மேக்ரோ லென்ஸ் வாங்கி மாட்டினேன். பூவுக்கு நாலு விரல் தூரத்தில் போய் நின்று எடுக்கலாம். முருங்கை இலையின் நரம்பு, செம்பருத்தியின் மகரந்தம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன். இதில் ஒரு தொல்லை, முன்னால் இருக்கிற இதழ் தெளிவாக விழுந்தால் பின்னால் இருக்கிற இதழ் புகையாகிவிடும். நாம் லேசாக அசைந்தாலும் படம் போச்சு, காற்று அடித்தாலும் போச்சு. மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி நிற்கிற நேரத்தில் வேறு எந்த நினைப்பும் வராது. அதற்காகத்தான் எடுத்தேன். கலை, கத்திரிக்காய் எல்லாம் ஒன்றும் இல்லை.

அக்காவுக்குக் கான்சாபுரத்துக்கு மேற்கே இருபத்து மூன்று மாமரம். அத்தனையும் சப்பட்டை ரகம். கன்றாக இருந்தபோது அவளே குடம் சுமந்து தண்ணீர் ஊற்றியவை. அத்தான் காலமான பிறகும் ஒற்றை ஆளாக நின்று பார்த்தாள். ஆனால் இரண்டு வருடமாகக் காய்ப்பு இல்லை. சென்னையில் இருக்கிற மகன் கறாராகச் சொல்லிவிட்டான். "இந்த வருசமும் காய்க்கலேன்னா வித்துருவோம்மா. பிளாட் போடுறவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க." அவளும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். சொன்ன சொல்லை மாற்றுகிற பிறவி இல்லை அவள். அந்தத் தையில் அவளுக்கு இருந்தது அந்த ஒரு பூப்பு மட்டும்தான்.

மரங்களும் அவளைக் கைவிடவில்லை. இலை தெரியாமல் பூங்கொத்து தள்ளின. நான் ஞாயிறுதோறும் காலை பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, வத்திராயிருப்பு பஸ் மாறி அங்கே போய்விடுவேன். ஒரு ஞாயிறு நான் போனபோது மருந்தடிக்கும் பாய், டிராக்டரில் பம்பும் நீளக் குழாயும் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் அவர் ஒருத்தர்தான். ஊர் ஊராக முறை வைத்துச் சுற்றுவார். முறையை விட்டால் அவர் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

"யக்கா, மொட்டு வெடிக்கிறதுக்கு முன்னாடி அடிச்சாத்தான் உண்டு. விரிஞ்ச பொறவு நான் அடிக்க மாட்டேன். ஈ வராது, பிஞ்சு பிடிக்காது. இன்னைக்கு விட்டா வத்திராயிருப்புப் பக்கம் போயிருவேன். வர எட்டு பத்து நாளாவும்" என்றார் பாய்.

என் காதிலும் விழுந்தது. தொழில்காரர் தன் தொழிலுக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இருந்த கவலை வேறு. மருந்து காய்ந்தால் மொட்டின் மேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படியும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் திட்டு லென்ஸில் சுண்ணாம்பு அடித்ததுபோலத் தெரியும்.

"யக்கா, ஒரே ஒரு வாரம். பூ விரியட்டும்க்கா. நான் நாலு படம் எடுத்துக்கிடுறேன். ஒரு வாரத்துல என்ன குடியா முழுகிரும்?" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். "சரி பாய். இந்தச் சுத்துல வேண்டாம்" என்றாள். பாய் குழாயைச் சுற்றி வண்டியில் போட்டார்.

அடுத்த ஞாயிறு பூ விரிந்திருந்தது. ஒவ்வொன்றும் மிளகளவு. ஐந்து இதழ், இதழுக்குள் மஞ்சள் கோடு. பூவுக்குப் பூ துளித் துளியாகப் பனி. நான் எப்போதும் பையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் வைத்திருப்பேன், பனித்துளி மாதிரி தெளித்து எடுப்பதற்கு. அன்று அந்த வேலையே மிச்சம். போதாக்குறைக்குக் கொத்துக்குக் கொத்து ஆப்பு வடிவத்தில் குட்டிக் குட்டிப் பூச்சிகள் வேறு, ஆடாமல் அசையாமல் படத்துக்கு உட்கார்ந்தன. பதினொரு மணி வெயிலிலும் துளி காயவில்லை. எந்த ஊர்ப் பனி பதினொரு மணி வரைக்கும் நிற்கும்? எனக்குத் தோன்றவில்லையே! கை பிசுபிசுத்தது, லென்ஸ் பிசுபிசுத்தது. துடைத்துத் துடைத்து எடுத்தேன். அன்று ராத்திரி, படம் எடுக்கிறவர்கள் இருக்கிற வாட்ஸப் குழுவில் போட்டேன். அத்தனை பேரும் பாராட்டித் தள்ளிவிட்டார்கள். அக்காவிடம் மட்டும் காட்டவில்லை. பெரிசாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்து அசத்தலாம் என்று இருந்தேன்.

வியாழக்கிழமை மில்லில் இருந்தபோது அக்கா போன் பண்ணினாள். "பூவெல்லாம் கருகுதுலே" என்றாள்.

ஞாயிறு நான் போனபோது பாயும் வந்திருந்தார். மரத்தடி முழுக்கப் பூ உதிர்ந்து கிடந்தது. தொட்டால் தவிடாக நொறுங்கியது. இலையெல்லாம் கரி பூசினாற்போல இருந்தது. போன வாரம் நன்றாகத்தானே இருந்தது என்று கேமராவை எடுத்து அவரிடம் நீட்டினேன். எவ்வளவு அறிவு பாருங்கள்! பாய் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"சார், இது பனி இல்ல. இந்தா இருக்கு பாருங்க, தத்துப்பூச்சி. பூவோட சாறை உறிஞ்சிட்டு அது கழியிற கழிசல் இது. போன வாரமே இம்புட்டு இருந்துச்சா? அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? விரியாத மரம் நாலஞ்சு இருந்திருக்குமே, அதுகளையாவது காப்பாத்தியிருக்கலாமே!"

அக்கா கொஞ்சம் தள்ளி நின்று கருகின கொத்து ஒன்றை உருவிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். "செத்த நேரம் நிழல்ல உக்காருலே, வெயிலா இருக்கு" என்றாள்.

அந்த வருடம் இருபத்து மூன்று மரத்திலும் சேர்த்து ஒரு கூடை தேறவில்லை. மகனிடம் போய்ப் பேசுகிறேன் என்று அக்காவிடம் கெஞ்சினேன். வேண்டாம், வாக்கு வாக்குதான் என்றாள்.

ஆனி மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரம் பதிவு. சாட்சிக் கையெழுத்துப் போட என்னையும் கூப்பிட்டார்கள். போட்டேன். எந்தக் கை லென்ஸைப் பிடித்ததோ அதே கையால் போட்டேன். முடிந்ததும் மகன் வாங்கினவர்களோடு பேசப் போய்விட்டான். நானும் அக்காவும் எதிரே இருந்த டீக்கடையில் நின்றோம். அவள் டீயை வாங்கிக் கையில் வைத்திருந்தாள், குடிக்கவில்லை. என்னால் அடக்க முடியவில்லை. நடு ரோட்டில் அழுதுவிட்டேன்.

"யக்கா, நான்தான் கெடுத்தேன். நான் மட்டும் அன்னைக்கு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா..."

"தெரியும்லே" என்றாள். "முறையை விட்டா பூ தங்காதுன்னு எனக்குத் தெரியாதா? எத்தனை வருசமா மரம் வச்சிருக்கேன்."

"பொறவு ஏன்க்கா சரின்னு சொன்ன?"

"அவ போன பொறவு நீ யார்கிட்டயும் எதுவும் கேட்டதில்லலே. சோறு வைக்கவான்னு கேட்டாக்கூடத் தலையத்தான் ஆட்டுவ. அன்னைக்குத்தான் வாயத் தொறந்து ஒண்ணு கேட்ட. எப்படி மாட்டேன்னு சொல்ல?"

கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கிளாஸை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பத்திரம் எழுதிக் கொடுத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"இனிமே ஞாயித்துக்கிழமை நீ எங்கலே போவ?" என்று கேட்டாள்.