பச்சைச் சாணி போட்ட மைதானம்

ஆறுச்சாமிக்குக் கோபம் வந்தால் எதிரே நிற்பது யாரென்று கண்ணுக்குத் தெரியாது. பெருமாட்டி ஊரில் அவன் கையால் அடி வாங்காதவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்பேர்ப்பட்ட முரடன் புல்லிடம் மட்டும் பூனைபோல நடப்பான். பன்னிரண்டு வருஷமாக ஊர்க் கால்பந்து மைதானத்துப் புல் அவன் பொறுப்பு. வேறு வேலை தெரியாது, வேண்டவும் வேண்டாம்.

இருபது நாளுக்கு ஒரு தரம் அம்மோனியம் சல்பேட் உரத்தை மணலோடு கலந்து தூவுவான், உடனே தண்ணீர் விடுவான். புல் ஜமக்காளம் விரித்த மாதிரி அடர்ந்து கிடக்கும், களை நுழைய இடமிருக்காது. இந்த வருஷம் எவனோ செல்போனில் வீடியோ காட்டி, ரசாயன உரம் மண்ணைக் கொன்றுவிடும் என்று பயமுறுத்திவிட்டான். உரத்தை நிறுத்திய ஆறுச்சாமி, பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணனிடம் கேட்டுப் பச்சைச் சாணியைக் கூடை கூடையாகச் சுமந்துவந்து, வரிசையாகக் கொட்டிக் காலால் தள்ளிவிட்டான். ஊரில் வயலுக்கு அப்படித்தானே போடுகிறார்கள்! வயலில் தண்ணீர் கட்டி நிற்கும், களை விதை அழுகிப்போகும். மைதானத்தில் யார் தண்ணீர் கட்டுவது? மட்க விடுகிற பொறுமை அவனுக்கு ஏது?

நாற்பதே நாளில் புல் மஞ்சளாகி மெலிந்தது. இடைவெளியெல்லாம் கோரையும் முள்ளுக்கீரையும் பார்த்தீனியமும் நின்றன. வருகிற போட்டிக்குள் களை போகாவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்று கால்பந்து கிளப்பில் சொல்லிவிட்டார்கள். வேலியோரம் மாட்டுக் குளம்புத் தடம் ஒன்று கண்ணில் பட்டது. அவ்வளவுதான், மண்வெட்டிப் பிடியோடு குப்பண்ணன் வீட்டுக்கு ஓடினான்.

"ஏண்டா, உன்ற மாட்ட என்ற மைதானத்துல மேய உட்டுக் களையக் கொண்டாந்து போட்டியா?"

"சத்தியமா இல்லீங்க. எம்மாடு கட்டுத்தறிய உட்டு நகரவே இல்லீங்க."

பேச்சு முடியுமுன் அடி விழுந்தது. வலக்கை எலும்பு மளுக்கென்று முறிந்தது. குப்பண்ணன் சுருண்டு விழுந்த பிறகும் முதுகில் இரண்டு போட்டான், அட பாவி! தடுக்க வந்த குப்பண்ணன் மனைவி வள்ளியாத்தாள் ஆறுச்சாமியின் மணிக்கட்டைக் கடித்து ரத்தம் வரவைத்தாள். அவளையும் சுவரோடு தள்ளினான். நாலு பேர் சேர்ந்துதான் அவனை இழுக்க முடிந்தது.

மூன்றாம் நாள் கிருஷிபவன் என்கிற வேளாண் அலுவலகத்து அதிகாரி செல்வப்பிரியா மைதானத்தைப் பார்க்க வந்தாள். கொஞ்ச தூரம் நடந்தாள், நின்றாள்.

"ஏனுங்ணா, களை திட்டுத் திட்டா வரிசையில நிக்குது பாருங்க. கூடை கொட்டின எடமுங்களா?"

குனிந்து ஒரு களையை வேரோடு பிடுங்கி ஆறுச்சாமியிடம் காட்டினாள்.

"மாடு தின்ன வெத வயித்துல முழுசாச் சாகாதுங்க. சாணிய மட்க வெச்சாத்தான் அந்தச் சூட்டுல சாகும். சாணிச் சத்தும் மெதுவாத்தான் எறங்கும், அதுவரைக்கும் புல்லு பட்டினி. புல்லு மெலிஞ்சா களைக்குக் கொண்டாட்டம். பழைய உரத்தையே போட்டிருந்தா இதுக தலை காட்டியிருக்காது."

மேய்ந்த மாடு வரிசை பிடித்தா சாணி போடும்? எண்ணிப் பார்த்தான். அத்தனையும் அவன் கொட்டிய வரிசைதான்.

அதே மண்வெட்டிப் பிடியை எடுத்துக்கொண்டு போய்க் குப்பண்ணன் காலடியில் வைத்தான். முட்டி போட்டான்.

"தப்பு என்மேலதானுங்க. அடிங்க. எத்தன வேணுமோ அடிங்க."

குப்பண்ணன் பிடியைத் தொடவில்லை. மாவுக்கட்டுப் போட்ட வலக்கையை மெல்லத் தூக்கிக் காட்டினார்.

"அடிக்கற கை இதுதான். இதைத்தான் நீ ஒடைச்சுப் போட்டியே."